காலில் விழ இயலாமை குறித்து

ஜனக்புரி, புது தில்லி
4-2-2004

மரியாதைக்குரிய அண்ணன் திரு. கலியமூர்த்தி அவர்களுக்கு,

"தங்கள் பாதங்களில் விழுந்து வணங்கித் தம்பி தட்சிணாமூர்த்தி எழுதிக்கொள்வது" என்றுதான் டெல்லிக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் தொடங்கியிருக்கிறேன். இந்த முறை அந்த வரியை எழுதப் பேனா மறுக்கிறது. காகிதத்தில் விழுவதற்கு என்ன, இங்க் இருந்தால் போதும். ஆகவே நின்றபடியே வணங்கி எழுதிக்கொள்கிறேன். இல்லை, அதுவும் பொய். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வணங்கி எழுதிக்கொள்கிறேன். இவ்விடம் நான் நலம். என் இடது இடுப்பு மட்டும் நலமில்லை. அங்கே தாங்கள், அண்ணி, மற்றும் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரும் நலமாக இருக்க வைத்தீஸ்வரன் அருள் புரிய வேண்டும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கடிதங்களை அண்ணிதான் படித்துக் காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அண்ணிக்கு என் வணக்கம். அண்ணி, நடுவில் ஓரிரு இடங்களில் "அண்ணிக்கு மட்டும்" என்று போட்டிருப்பேன். அங்கே வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு மேலே போய்விடுங்கள். "ஏன் நிறுத்திட்டே?" என்று அண்ணன் கேட்டால் எழுத்து புரியவில்லை என்று சொல்லுங்கள். என் கையெழுத்தைப் பற்றி அவருக்கு என்றைக்குமே நல்ல அபிப்பிராயம் கிடையாது.

பொருள்: வருகிற பங்குனியில் திருக்கடையூரில் நடக்கவிருக்கும் தங்கள் எண்பதாம் கல்யாணத்துக்கு அடியேனால் வர இயலாது.

எழுதிவிட்டேன். சர்க்கார் ஆபீசில் இருந்தவரை எத்தனையோ பேருக்கு "வருந்துகிறோம், தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் உள்ள "வருந்துகிறோம்" என்ற வார்த்தைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. ஏன், எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். தம்பி பணம் காசுக்குத் தயங்குகிறானா, மகனோடு மனஸ்தாபமா என்று நீங்களாக எதையாவது நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும்.

போன கோடையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததும், உள்ளே பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துத் தைத்ததும் தங்களுக்குத் தெரியும். ஜெகன் வீடு நொய்டாவில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் ஏற முடியாது, ஏற்றிவிட்டால் இறங்க முடியாது. அதனால்தான் அவன் என்னை இந்த முதியோர் இல்லத்தில் சேர்த்தான். அவனைத் திட்டாதீர்கள். வாராவாரம் வருகிறான், வந்தால் செல்போனை அணைத்துவிட்டு உட்காருகிறான், இந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். இங்கே சாப்பாடு சப்பாத்தி, தால், ராஜ்மா. சாம்பார் என்ற பெயரில் வெள்ளிக்கிழமை ஒன்று ஊற்றுகிறார்கள், அதைப் பற்றித் தனிக் கடிதம் எழுதுகிறேன். முக்கியமான விஷயம் என்னவென்றால் இங்கே பிசியோதெரபி உண்டு. நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்களே, நானும் அதுதான் என்று நினைத்தேன். கரண்ட் கொஞ்சம்தான். மீதியெல்லாம் நாமே வேலை செய்ய வேண்டும், அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு "அவுர் ஏக், அவுர் ஏக்" என்று இன்னொன்று இன்னொன்றாகக் கேட்டு உயிரை வாங்குவார்கள்.

என் உயிரை வாங்கும் பெண் பெயர் மன்ப்ரீத். சீக்கியப் பெண். நல்ல உயரம், கையில் இரும்புக் காப்பு, குரல் கோயில் மணி. முதல் நாள் என்னைப் பார்த்து, "அங்கிள்ஜி, என்ன செய்ய முடிஞ்சா உங்களுக்குச் சந்தோஷம்? அதைச் சொல்லுங்க, அதை வச்சுத்தான் எக்ஸர்சைஸ்" என்று இந்தியில் கேட்டாள். இங்கே எல்லோரிடமும் அப்படித்தான் கேட்கிறாள். ஒருவர் பார்க் வரை நடக்க வேண்டும் என்றார். பக்கத்து அறை சேத்தி அம்மாள் யார் துணையும் இல்லாமல் பாத்ரூம் போய்வர வேண்டும் என்றாள். நான், "பங்குனியில் என் அண்ணனுக்கு எண்பது வயது. அவர் காலில் விழ வேண்டும்" என்றேன். மன்ப்ரீத் சிரித்துவிட்டாள். "பஸ், பைர் சூனா? காலைத் தொடறது, அவ்வளவுதானே? அது சீக்கிரம் வந்துடும் அங்கிள்ஜி" என்று குனிந்து என் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். இந்த ஊரில் காலைத் தொடுவது என்றால் இவ்வளவுதான். கை பாதி வழி போகும்போதே பெரியவர் "பஸ் பஸ்", போதும் போதும் என்று சொல்லிவிடுவார், காரியம் முடிந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கைத்தடியைத் தரையில் நீளமாகச் சரியவிட்டு, "இது நான்" என்றேன். தடியின் முனையில் தண்ணீர் ஜக்கை அவளையே வைக்கச் சொல்லி, "இது என் அண்ணன்" என்றேன். அவள் தடியைப் பார்த்தாள், ஜக்கைப் பார்த்தாள். "முழுசாப் படுக்கணுமா? மூக்குத் தரையில் படணுமா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஓகே. அப்புறம் யார் எழுப்புவாங்க?" என்றாள். தடியை எடுத்துத் தரக் கூட அவள்தான் குனிய வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அண்ணா என் பாடு. கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு இடுப்பை மட்டும் தூக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அதை அமுக்க வேண்டும். காலில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு இழுக்க வேண்டும், அது ஒருநாள் நழுவிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த அனுமார் படத்தில் பட்டது. இதற்கெல்லாம் மேலாக நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். அதைச் செய்யும்போதுதான் எனக்கு வாயில் சனி. "மகளே, இது எங்கள் ஊரில் குழந்தை கூடச் செய்யும். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் என்று பெயர்" என்று அவளிடம் பெருமையாகச் சொல்லி, காதை மாற்றிப் பிடித்துக்கொண்டு, நாற்காலி உயரத்துக்கு மட்டும் உட்கார்ந்து எழுந்து காட்டினேன். அவளுக்கு ஒரே குஷி. கையை ஊன்றக் கூடாது என்றால் யாரும் கேட்பதில்லை, காதைப் பிடித்துக்கொண்டால் கை எங்கே போகும்? மறுநாளே ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்து, காதைப் பிடிக்கச் சொல்லி, "கணேஷ்ஜி எக்ஸர்சைஸ்" என்று பெயரும் வைத்துவிட்டாள்.

இங்கேதான் நான் ஒன்றை மறந்துபோனேன். இந்த ஊரில் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது சாமிக்குச் செய்வதல்ல. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கொடுக்கிற தண்டனை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பார்க்க வருகிறவர்கள் வருகிற நாள். சேத்தி அம்மாளின் மூத்த பிள்ளை லூதியானாவிலிருந்து ஸ்வீட் பாக்ஸோடு உள்ளே வந்தவன், தன்னைப் பெற்றவள் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவதையும், எதிரே ஒரு பெண் கையைத் தட்டி "அவுர் ஏக்!" என்று அதட்டுவதையும் பார்த்தான். "அம்மா என்ன தப்புப் பண்ணாங்க?" என்று கத்தினான் பாருங்கள், வாசலில் நின்ற வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டான். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தன் போலீஸ் என்கிறான், ஒருத்தன் பேப்பர்காரன் என்கிறான். மேனேஜர் சோப்ரா என்னைக் கூப்பிட்டு, "மூர்த்தி சாப், நீங்கள் படித்தவர், மத்திய சர்க்காரில் இருந்தவர்" என்று ஆரம்பித்தார். என்னிடம் யாராவது அப்படி ஆரம்பித்தால் அடுத்தது திட்டு என்று எனக்குத் தெரியும். பிள்ளையாரைப் பற்றி விளக்கினேன். அவர், "எங்கள் கணேஷ்ஜி லட்டுதான் கேட்பார், யாரையும் காதைப் பிடிக்கச் சொல்ல மாட்டார்" என்றார். சாமியின் குணத்தைப் பற்றி அவரோடு நான் வாதம் செய்யவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், சேத்தி அம்மாளுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது. பிள்ளை ஊருக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பிடிக்கிறாள்.

பிறகு தரையில் பயிற்சி. ரப்பர் மெத்தையைப் போட்டு, ஒரு பக்கம் கனமான மர நாற்காலி. படுப்பதும் எழுவதும். மன்ப்ரீத் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதனால் அண்ணனாக நிற்க வேறு ஆள் வேண்டியிருந்தது. ஜக்கை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? சேத்தி அம்மாள் தானாக முன்வந்தாள். அண்ணா, அவளுக்கு என்னைவிட வயது கம்மி. அதைச் சொல்லிப் பார்த்தேன். "வாட் ஈஸ் ஏஜ்" என்றுவிட்டாள். அவள் பிள்ளைகள் எல்லோரும் முழங்கால் வரைதான் கை நீட்டுவார்களாம். ஜன்மத்தில் ஒருத்தர் தன் காலில் முழுசாக விழுந்ததில்லையாம். மறுநாளிலிருந்து தினம் குளித்து, ஜரிகை துப்பட்டா போர்த்துக்கொண்டு நேரத்துக்கு வந்து நின்றுவிடுவாள். நான் விழுந்ததும் கையை உயர்த்தி, "ஜீத்தே ரஹோ புத்தர்", நீடூழி வாழ் மகனே என்று வாழ்த்துவாள். நான் எழுந்திருக்கப் படும் பாட்டில் ஆசீர்வாதத்தை மூன்று முறையாவது சொல்ல வேண்டியிருக்கும், அலுத்துக்கொள்ளவே மாட்டாள்.

எழுந்திருப்பது என்றேனே, அதை எப்படி என்று எழுதுகிறேன், அப்போதுதான் என் பாடு புரியும். குப்புறப் படுத்திருக்கிறவன் இரண்டு கையையும் ஊன்றி, முதலில் குழந்தையைப் போல நாலு காலில் நிற்க வேண்டும். அப்படியே நாற்காலி வரை தவழ வேண்டும். நாற்காலியின் மேல் கையை வைத்து, நல்ல காலை முன்னால் ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. சம்பந்தி வீட்டார், ஊர்ப் பெரிய மனுஷர்கள், நாதஸ்வரக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, டெல்லியில் ஆபீசராக இருந்தவன் வேட்டியும் அங்கவஸ்திரமுமாகத் தவழ்ந்து போவதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். ஆனாலும் வெட்கத்தை விட்டுக் கற்றுக்கொண்டேன். தை பிறந்தபோது மன்ப்ரீத் கையை எடுத்துவிட்டாள். நான் தனியாக விழுந்து, தனியாக எழுந்தேன். அவள் விசில் அடித்தாள். நான் அன்றைக்கு ஜெகனுக்குப் போன் போட்டு டிக்கெட் வாங்கு என்றேன்.

(அண்ணிக்கு மட்டும்: முதன்முதலில் தரையில் நெற்றி பட்டபோது நான் அழுதுவிட்டேன் அண்ணி. வலி என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வலியில்லை. ஒவ்வொரு லீவு முடிந்து டெல்லிக்குக் கிளம்பும்போதும் வாசலில் அண்ணன் காலில் விழுவேனே, நெற்றி தரையில் படுமுன்பே அவர் கை தோளுக்கு வந்துவிடும். "எழுந்திருடா, ரயிலுக்கு நேரமாச்சு" என்பார். இத்தனை வருஷத்தில் என் நெற்றி தரையைத் தொட்டதே இல்லை. இங்கே ரப்பர் மெத்தையில் முகத்தை வைத்துக்கொண்டு தோளில் கை வரும் வரும் என்று என்னை அறியாமல் காத்திருந்தேன். அப்பா போன பிறகு படிப்பை நிறுத்திவிட்டு மில்லில் மூட்டை எண்ணப் போய் என்னைப் படிக்க வைத்தவர். எனக்கு அப்பா முகம் ஞாபகமில்லை, அந்தக் கைதான் ஞாபகம். இதையெல்லாம் அவரிடம் படிக்காதீர்கள், "நாடகம் போடறான்" என்பார்.)

எல்லாம் கூடி வந்தது, குடியரசு தினம் வந்து கெடுத்தது. அன்றைக்கு இல்லத்தின் டிரஸ்டி குப்தாஜி வந்து கொடியேற்றி, எல்லோருக்கும் கம்பளி கொடுத்தார். தங்கமான மனிதர், எழுபத்தைந்து வயதிருக்கும், மூச்சு வாங்குகிற உடம்பு. மேனேஜர் சோப்ராவுக்கு இல்லத்தின் சாதனையைக் காட்ட வேண்டும் என்று ஆசை. "மூர்த்தி சாப், உங்கள் ஐட்டத்தைச் செய்து காட்டுங்கள்" என்றார். நான் என்ன சர்க்கஸா என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கும் உள்ளுக்குள் பெருமை, கேட்கவில்லை. மெத்தையைப் போட்டார்கள், நாற்காலியைப் போட்டார்கள், சேத்தி அம்மாள் துப்பட்டாவோடு வந்து தன் இடத்தில் நின்றாள். குப்தாஜி அவளுக்குப் பக்கத்தில் கம்பளியோடு நின்றுகொண்டிருந்தார். நான் கையைக் கூப்பி அப்படியே விழுந்தேன்.

கம்பளி கொடுத்ததற்காகத் தன் காலில்தான் விழுகிறேன் என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். "அரே நஹி, நஹி, நீங்கள் பெரியவர்!" என்று பதறிப்போய், கண்ணில் தண்ணீர் முட்ட, குனிந்து என் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கினார். நான் கனம், அவர் வயசு. மன்ப்ரீத் "மத் உட்டாவ், தூக்காதீங்க!" என்று ஓடி வருவதற்குள் அவர் அப்படியே என் மேல் கவிழ்ந்தார். சேத்தி அம்மாள் தன் வேலையை மறக்காமல் எங்கள் இருவரையும் சேர்த்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டாள். போட்டோக்காரன் படம் எடுத்தான். குப்தாஜிக்கு மணிக்கட்டில் சுளுக்கு, எனக்கு இடுப்பில் வீக்கம். ஒருவரும் குறை சொல்லவில்லை, அவர் மறுநாள் எனக்கு ஆரஞ்சுப் பழம் கூட அனுப்பினார். ஆனால் சோப்ரா அன்றே உத்தரவு போட்டுவிட்டார்: தரைப் பயிற்சி பந்த்.

வீக்கம் இப்போது வடிந்துவிட்டது. ரயில் ஏறலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஜெகன் கூட வருகிறேன் என்கிறான். "அப்பா, வீல்சேர்ல உக்காந்து கையெடுத்துக் கும்பிட்டாப் போதும்ப்பா, பெரியப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க" என்கிறான். டெல்லியில் பிறந்த பிள்ளை, அவனுக்குக் கும்பிடுவது வேறு விழுவது வேறு என்று தெரியாது. உங்கள் எதிரே வந்து நின்றால் நான் விழாமல் இருக்க மாட்டேன், அது என் கையில் இல்லை. நான் விழுந்தால் நீங்கள் குனியாமல் இருக்க மாட்டீர்கள், அது உங்கள் கையில் இல்லை. குப்தாஜி என் மேல் கவிழ்ந்தபோது அவர் முகத்தில் உங்கள் முகம்தான் எனக்குத் தெரிந்தது அண்ணா. உங்களுக்கு உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது, இன்னும் சைக்கிளில் போகிறீர்கள், எனக்குத் தெரியும். போன கடிதத்தில், மருமகள் டைனிங் டேபிள் வாங்கியிருப்பதால் இப்போதெல்லாம் டேபிளில்தான் சாப்பாடு என்று எழுதியிருந்தீர்கள். கோயிலில் கூட்டமாக இருப்பதால் கொடிமரத்தருகே விழாமல் வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். நாகரிகம் வந்துவிட்டது என்று படித்துச் சிரித்தேன். இருந்தாலும் எண்பது எண்பதுதானே. கலசத் தண்ணீர் ஊற்றுகிற நாளில், அண்ணனைத் தம்பி தரையில் தள்ளினான் என்ற பெயர் எனக்கு வேண்டாம். உங்கள் இடுப்பில் பிளேட் வைக்கிற நிலைமை என்னால் வர வேண்டாம்.

ஆகவே வரவில்லை. நான் வராததைச் சொல்லி ஊர்வம்பு கிளம்பும். தம்பிக்குப் பெரிய இடத்துச் சகவாசம், மாயவரம் கசக்கிறது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வேட்டி ஒன்று, அண்ணிக்குப் புடவை ஒன்று ஜெகன் கொண்டுவருவான். தாலி கட்டும்போது என் பெயரைச் சொல்லி ஒரு கைப்பிடி அட்சதையை நீங்களே உங்கள் தலையில் போட்டுக்கொள்ளவும். எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. இதற்கு மேல் அதை அலங்காரமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் சின்னவர்கள் எல்லோருக்கும் என் ஆசிகள். பேத்தி அபூர்வா தமிழில் எழுதிய பொங்கல் வாழ்த்து வந்தது, எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம் என்று சொல்லவும். தங்களுக்கும் அண்ணிக்கும் நாற்காலியில் இருந்தபடியே கூப்பிய கையோடு,

தங்கள் அன்புத் தம்பி,
சி. தட்சிணாமூர்த்தி
(செக்‌ஷன் ஆபீசர், ஓய்வு)

பின்குறிப்பு, 8-2-2004:

மேற்படி கடிதத்தைத் தபாலில் போட மனது வரவில்லை. தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. இன்று காலை ஆபீஸ் ரூமுக்குப் போன் வந்தது, ஊரிலிருந்து. அண்ணி. எதிர்த்த எஸ்டிடி பூத்திலிருந்து, யாரோ துரத்துகிற மாதிரி ரகசியக் குரலில் பேசினார்கள். அண்ணா, அவர்கள் மேல் கோபிக்கக் கூடாது. கோபித்தால் நான் வந்து சண்டை போடுவேன்.

"தம்பி, ஒங்க அண்ணன் கல்யாணமே வேணாங்கிறாங்க. பத்திரிகை அடிக்க விடமாட்டேங்கிறாங்க. தீவாளிக்கு எண்ணெ தேச்சுக்கத் தரையில ஒக்காந்தவங்க எந்திரிக்க முடியல. நானும் மருமவளும் சேந்துதான் தூக்குனோம். வெளிய சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அதுக்குத்தான் டேபிளு கீபிளெல்லாம். சைக்கிளக் கூட இப்பத் தள்ளிக்கிட்டுத்தான் போறாங்க. ஓமத்துல மணையில ஒக்காரணுமே, ஊரு முன்னால எப்பிடி எந்திரிப்பேங்கிறாங்க. அது கூடப் பரவால்ல தம்பி. 'தட்சிணா வந்ததும் விழுவான், நான் குனிஞ்சு தூக்கணுமே, தூக்க முடியலன்னா அவன் என்ன நெனைப்பான்'னு அதையேதான் பொலம்புறாங்க" என்றார்கள்.

இந்தப் பக்கம் நீங்கள் தூக்கிவிடுவீர்களே என்று நான் பயந்துகொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் தூக்க முடியாதே என்று நீங்கள் பயந்துகொண்டிருக்கிறீர்கள். நடுவில் கல்யாணம் நிற்கிறது. பிறகு மன்ப்ரீத்தைப் பக்கத்தில் நிறுத்தி, அவள் இந்தியில் கேட்க நான் தமிழில் சொல்ல, அண்ணியிடம் எல்லாம் கேட்டாகிவிட்டது. "பஸ் இத்னி ஸி பாத்?" என்றாள் அவள். இவ்வளவுதானா என்று அர்த்தம். தரைப் பயிற்சி நாளை முதல் மறுபடி உண்டு. சோப்ராவிடம் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள், அவர் உத்தரவை வாபஸ் வாங்கிவிட்டார்.

ஆகவே மேலே "வர இயலாது" என்று எழுதியிருப்பதை ரத்து செய்யவும். மாசி முடிவதற்குள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நானும் ஜெகனும் வருகிறோம். அண்ணி, இந்தப் பின்குறிப்பில் ரகசியம் ஏதும் கிடையாது, முழுவதையும் சத்தமாகப் படியுங்கள். மேலே வாய்க்குள் படித்ததையும் சத்தமாகப் படியுங்கள். நாடகம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். நாற்காலியைப் பிடித்து எழுந்திருக்கிற முறையை மேலே எழுதியிருக்கிறேன். நான் வரும்வரை தினமும் காலையில் அண்ணனைக் கட்டிலிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். காதையும் பிடித்துக்கொள்ளலாம், மாயவரத்தில் யாரும் போலீசைக் கூப்பிட மாட்டார்கள். சேத்தி அம்மாள் அண்ணனுக்குத் தன் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொன்னாள். வயதில் சின்னவள் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

திருக்கடையூரில் மணைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடச் சொல்லவும். பிளாஸ்டிக் வேண்டாம், கனமான மர நாற்காலி. அண்ணா, நீங்கள் மணையில் உட்கார்ந்தே இருங்கள், நிற்க வேண்டாம், குனிய வேண்டாம். நான் விழுவேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே உங்கள் கைக்கு என் தோள் எட்டும். தொட்டால் போதும். அப்புறம் ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கலாம், ஊர் பார்த்தால் பார்க்கட்டும். நீங்கள் மூத்தவர், நீங்கள் முதலில் எழுந்திருங்கள். அதுவரைக்கும் நான் கீழேயே கிடக்கிறேன்.